திறந்தால் பாடும் ஓலைப்பெட்டி

மூடி போட்ட பனை ஓலைப்பெட்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதா? திறந்தவுடன் அதை ச ரி க ம பாட வைக்கலாம். சால்டரிங் வேண்டாம், பெட்டியில் ஓட்டை போடவும் வேண்டாம்.

தேவையானவை: மைக்ரோபிட் வி2 (உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு, 2020-இல் வந்தது, ஸ்பீக்கர் உள்ளேயே உண்டு, பழைய வி1-இல் கிடையாது), சுவிட்ச் வைத்த பேட்டரி கேஸ், 2 டிரிபிள் ஏ பேட்டரி, யூஎஸ்பி கேபிள், ஊசி, பருத்தி நூல், கொஞ்சம் கறுப்புத் துணி.

1. கம்ப்யூட்டரில் மேக்கோட் தளத்துக்கு (பிளாக்குகளை அடுக்கி மைக்ரோபிட்டுக்கு புரோகிராம் எழுதும் இணையதளம்) போய்ப் புது புராஜெக்ட் தொடங்குங்கள். 'ஃபார்எவர்' பிளாக்குக்குள் ஓர் 'இஃப்' வையுங்கள்: 'லைட் லெவல்' 40-ஐத் தாண்டினால் 'பிளே மெலடி'. வெளிச்சத்தை அளக்கத் தனி சென்சார் தேவையில்லை. போர்டின் முகத்தில் இருக்கும் 25 எல்இடிகளே அந்த வேலையையும் பார்க்கும். அளவு 0 முதல் 255 வரை.

2. மெலடியில் எட்டு ஸ்வரம் வைக்கலாம். கீழ் 'சி'யிலிருந்து மேல் 'சி' வரை வரிசையாக நிரப்பினால் சங்கராபரண ஆரோகணம் கிடைத்துவிடும்.

இப்படியே விட்டால் மூடி திறந்திருக்கும் வரை ஓயாமல் பாடும். "அதை மூடித் தொலை" என்று அம்மா கத்திய பிறகுதான் நான் திருத்தினேன். மெலடிக்குக் கீழே ஒரு 'வைல்' பிளாக் போட்டு, லைட் லெவல் 40-க்கு மேல் இருக்கும் வரை 200 மில்லிசெகண்ட் 'பாஸ்' கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

3. கேபிளைச் செருகி, டவுன்லோட் கொடுங்கள். அவ்வளவுதான்.

4. இனி பெட்டி. குளூ கன் பக்கம் போகாதீர்கள். பிறகு பிய்க்கும்போது ஓலையும் உரிந்து வரும். தைப்பதுதான் சரி. போர்டின் கீழ் விளிம்பில் பெரிய துளைகள் இருக்கும். இரண்டு ஓரத் துளைகளில் நூலைக் கோத்து, எல்இடி முகம் பெட்டியின் நடுப்பக்கம் பார்த்திருக்கும்படி உள்சுவரோடு கட்டுங்கள். ஊசி பின்னலின் இடுக்கில்தான் போக வேண்டும். ஓலையைக் குத்தினால் கீறல் நீளவாக்கில் ஓடிவிடும். யூஎஸ்பி கேபிளைக் கழற்றி, பேட்டரி கேஸை போர்டில் செருகி சுவிட்சைப் போடுங்கள். கேஸ் அடியில் கிடக்கட்டும்.

5. மூடித் திறந்து பாருங்கள். பகலில் மூடித் திறந்தும் மறுபடி பாடவில்லை என்றால், மூடியிருக்கும்போதும் பின்னல் வழியாக வெளிச்சம் கசிகிறது என்று பொருள். மூடியின் உள்ளே கறுப்புத் துணியைத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் 'இஃப்', 'வைல்' இரண்டிலும் 40-ஐ 60 ஆக்குங்கள். இரவு விளக்கில் திறந்தும் பாடவில்லையா? இரண்டையும் 20-க்கு இறக்குங்கள்.

மூடியிருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டுதான் இருக்கும், சுவிட்சை மறக்காதீர்கள். அதிரசம் வைக்கப் பெட்டி வேண்டுமா? நூலை வெட்டி போர்டை எடுத்துவிடுங்கள், அதற்கு எண்ணெய் ஆகாது.