எத்தனை முறை வலிப்பு வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லிடுக்கில் கரண்டியை நுழைப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. எங்கள் நரம்பியல் பிரிவுக்கு வரும் இளம் மருத்துவர்கள் அவற்றைச் செய்வதில்லை. அவர்கள் செய்வதெல்லாம் ஒரு காலத்தில் நான் செய்த தவறுகள்.

எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வது

"வலிப்பு வந்ததா?" "இல்லை." "அதே மாத்திரையைத் தொடருங்கள்." அரை நிமிடத்தில் சீட்டு எழுதியாகிவிடும். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாதி என் மீதே.

கல்லூரி மாணவி ஒருத்தி லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டுவந்தாள். ஓராண்டாக வலிப்பே இல்லை. "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், டாக்டர்" என்றார் அம்மா. "வயது அப்படித்தான் அம்மா" என்று அனுப்பினேன். மூன்று முறை அப்படியே அனுப்பினேன். நான்காவது முறை அம்மா மட்டும் வந்தார். மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாளாம். அறையை விட்டே வெளியே வருவதில்லையாம். எரிச்சலும் மனச்சோர்வும் அந்த மருந்தின் பக்கவிளைவுகள் என்பது நான் படித்ததுதான். அம்மா வாய்விட்டுச் சொன்னபோதும் உறைக்கவில்லை. மெதுவாக வேறு மருந்துக்கு மாற்றியதும் பெண் தெளிந்தாள். படிப்பில் ஓராண்டு போனது போனதுதான்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களிடம்கூட, வலிப்பின் எண்ணிக்கையைவிட மனச்சோர்வே வாழ்க்கையை அதிகம் குலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலிப்பு உள்ளவரின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்கவே குவாலி-31 (QOLIE-31) என்ற 31 கேள்விப் படிவம் இருக்கிறது. அடுத்த வலிப்பு பற்றிய பயம், களைப்பு, ஞாபகம், மருந்தின் தொல்லை எல்லாம் அதில் உண்டு. படிவத்துக்கு நேரமில்லையா? தூக்கம் எப்படி, வேலைக்குப் போகிறீர்களா, பஸ்ஸில் தனியாகப் போகிறீர்களா என்றாவது கேளுங்கள்.

மருந்தை மாற்றும்போது பழையதைச் சட்டென நிறுத்துவது

கூடாது.

உறவினர் எதிரிலேயே எல்லாம் கேட்பது

அம்மா பதில் சொல்வார். நோயாளி தரையைப் பார்ப்பார். ஐந்து நிமிடமாவது தனியாகப் பேசுங்கள்.

திருமணப் பேச்சில் நழுவுவது

"அது உங்கள் குடும்ப விஷயம்" என்று நாம் ஒதுங்கினால், பெண் மாத்திரையை ஒளித்துக்கொண்டு மணவறைக்குப் போவாள். கல்யாண வீட்டில் தூக்கமும் கெட்டு மாத்திரையும் தவறினால், வலிப்பு வர வேறென்ன வேண்டும்? இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன சொல் 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பல குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்ணானால் அது கருவைப் பாதிக்கலாம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வளைகாப்பு அழைப்பிதழைப் பார்த்த பிறகு பேசிப் பயனில்லை.