‘அடங்கிட்டான்’ என்று எழுதும் முன்

பயிற்சிக்கு வரும் இளம் குழந்தைநல ஆலோசகர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய குறிப்பேட்டையே படிப்பது போல இருக்கிறது. அடிக்காதீர்கள், மிரட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடே நாம் செய்துவிடும் சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அமைதியானால் தேறிவிட்டதாக நினைப்பது

“இப்போ அடங்கிட்டான் மேடம், கேஸை முடிச்சிடலாமா?” என்று கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நானே அப்படி முடித்திருக்கிறேன்.

எட்டு வயதுப் பையன். பெற்றோர் பிரிந்த பிறகு வகுப்பில் நாற்காலியைத் தள்ளுவான், பக்கத்தில் இருப்பவனைக் கடிப்பான். ஒழுங்காக இருந்த நாளுக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். ஆறே வாரத்தில் சத்தம் நின்றது. ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிச் சந்திப்பை நிறுத்தினேன். சில மாதம் கழித்து அம்மா அவனை மறுபடி அழைத்து வந்தார். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பியிருந்தது. முடியைப் பிடுங்கிப் பிடுங்கி உச்சந்தலையில் ஓரிடம் வெறுமையாகியிருந்தது. கத்தியும் யாரும் வரவில்லை என்று அவன் கத்துவதை விட்டிருக்கிறான். அதற்குத்தான் நான் நட்சத்திரம் ஒட்டினேன்.

இது புதிய விஷயமே இல்லை. மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்த பிரிட்டன் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பவுல்பியும் 1952-லேயே மூன்று கட்டங்களைச் சொன்னார்கள்: அழுது எதிர்ப்பது, நம்பிக்கை இழந்து சோர்வது, யாரிடமும் ஒட்டாமல் விலகுவது. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று வார்டில் இருந்தவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

சத்தம் நின்றால் வேறு சிலவற்றைப் பாருங்கள். விளையாடுகிறானா? நன்றாகத் தூங்குகிறானா? விழுந்தால் யாரிடம் ஓடுகிறான்? யாரிடமும் ஓடவில்லை என்றால் கேஸை முடிக்காதீர்கள்.

அந்தப் பையனோடு சந்திப்பை மறுபடி தொடங்கிய நான்காவது வாரம், அவன் ஒரு பொம்மையை என் மேல் எறிந்தான். அம்மா பதறி மன்னிப்புக் கேட்டார். எனக்கோ அன்றுதான் மூச்சு வந்தது.

“ஏன் அப்படிச் செஞ்சே?”

அவனுக்கே தெரியாது. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கூட இருந்தவர்களைக் கேளுங்கள்.

வயிற்றுவலியை நடிப்பு என்பது

வலி நிஜம். முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று குறித்து வாருங்கள். பள்ளி நாளில் மட்டுமா, அப்பா வீட்டுக்குப் போகும் நாளிலா?

“கவனிக்கணும்னு பண்றான்”

சரி, கவனியுங்கள்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்வது

கூடாது. அவனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாளே, அவனுக்குப் புரியும்படி, இதைச் சொல்லிவிடுங்கள்.