லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவைக்குப் பின் வலி: எந்த பிளாக், யாருக்கு, எப்படி?

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றிக்கொண்ட ஒருவர் மயக்கம் தெளிந்து வலிக்கிறது என்று சொன்னால், மருந்துக்குக் கை நீட்டும் முன் எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஒருவர் தொப்புளுக்கு அருகிலுள்ள தையலை விரல் நுனியால் காட்டுவார். இன்னொருவர் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அகலமாக வைத்து உள்ளே பிசைகிறது என்பார். வேறொருவர் வயிற்றைத் தொடாமல் வலது தோள்பட்டையைப் பிடித்துக்கொள்வார். எந்த பிளாக் (நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி) சிறந்தது என்று கேட்கும் இளம் மயக்கவியல் மருத்துவர்கள் இந்த மூன்று கைகளையும் முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் இவை மூன்றும் வெவ்வேறு நரம்புகள் வழியே வரும் வெவ்வேறு வலிகள்.

விரல் நுனியால் காட்டப்படுவது வயிற்றுச் சுவரின் வலி. வழக்கமாக நான்கு போர்ட்டுகள் (கருவிகள் நுழையும் துளைகள்) போடப்படுகின்றன: தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது விலா ஓரத்தை ஒட்டிச் சிறியவை இரண்டு. இந்தப் பகுதிகளுக்கு உணர்வு தருபவை ஏறத்தாழ டி6 முதல் டி10 வரையிலான மார்பு நரம்புகள். உள்ளங்கையால் காட்டப்படுவது உள்ளுறுப்பு வலி. பித்தப்பை பிரித்தெடுக்கப்பட்ட கல்லீரல் படுகையிலிருந்து தன்னியக்க நரம்புகள் வழியே அது வருகிறது. தோள்பட்டை வலியோ, வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதாலும் இழுப்பதாலும் வருவது. அது கழுத்திலிருந்து இறங்கும் ஃப்ரெனிக் நரம்பின் வழியே செல்கிறது. நோயாளிகள் இதை 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். அவர்கள் நினைக்கும் வாயு வேறு என்றாலும், சொல் உண்மைக்கு அருகிலேயே இருக்கிறது. வயிற்றுச் சுவரில் போடும் எந்த பிளாக்கும் இந்தத் தோள் வலியைத் தொடாது. இயன்றவரை குறைந்த அழுத்தத்தில் அறுவை செய்வதும், போர்ட்டுகளை மூடும் முன் வாயுவை முழுமையாக வெளியேற்றுவதுமே அதற்கு வழி. அதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக் என்பது வலி நிவாரணத்தின் அடித்தளம் அன்று. அறுவை வாரியாக வலி நிவாரணச் சான்றுகளைத் தொகுக்கும் பிராஸ்பெக்ட் என்ற பன்னாட்டுக் குழு, இந்த அறுவைக்குப் பாராசிட்டமால், அதனுடன் தகுதியுள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத வலி மருந்து, ஒரே ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு), போர்ட் துளைகளில் மரப்பு மருந்து ஆகியவற்றையே முதலில் வைக்கிறது. போர்ட் துளைகளில் மருந்தை ஊடுருவச் செய்வதற்கு ஸ்கேன் கருவியும் வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். சாதாரணமான நோயாளிக்கு அது போதும். சிறுநீரகப் பாதிப்பால் வலி மருந்துகளில் பாதியை ஒதுக்க வேண்டியவர், முன்பு மார்ஃபின் வகை மருந்தால் வாந்தியில் தவித்தவர், தூக்கத்தில் மூச்சு அடைப்பவர், நாள்பட்ட வலிக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு பிளாக்கைக் கூடுதலாக நினைக்கலாம்.

டாப் (டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் பிளேன்) பிளாக்கில், வயிற்றுச் சுவரின் உள் சாய்தசைக்கும் குறுக்குத் தசைக்கும் இடையிலுள்ள தளத்தில் மருந்து செலுத்தப்படுகிறது. 2001இல் உடல் அடையாளங்களைத் தடவிப் பார்த்துச் செய்யும் முறையாக அறிமுகமான இது, 2007இல் அல்ட்ராசவுண்ட் துணையுடன் செய்யும் முறையாக விவரிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு விலா ஓரத்தை ஒட்டிச் செய்யும் சாய்வு முறை வந்தது. இந்த வேறுபாட்டைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். இடுப்புப் பக்கவாட்டில் செய்யும் டாப், பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியையே மரக்கச் செய்யும். நெஞ்சுக்குழிப் போர்ட்டுக்கு அது எட்டாது. பித்தப்பை அறுவைக்கு வேண்டியது விலா ஓர டாப். டாப் பலன் தரவில்லை என்று யாராவது சொன்னால் எந்த டாப் என்று கேட்டுவிட்டே மேலே பேசுங்கள்.

விலா ஓர டாப் செய்யும்போது நோயாளி மல்லாந்தே படுத்திருக்கலாம். மயக்கம் கொடுத்த பின் கத்தி வைக்கும் முன் செய்துவிடலாம். உயர் அதிர்வெண் கொண்ட நேர்கோட்டு அல்ட்ராசவுண்ட் புரோபை நெஞ்சுக்குழிக்கு அருகில், விலா ஓரத்துக்கு இணையாகச் சாய்த்து வைத்தால், மேலே நேர்தசையும் அதற்கு அடியில் மெல்லிய கறுப்புப் பட்டையாகக் குறுக்குத் தசையும் தெரியும். அவற்றுக்கிடையே ஊசி முனையை நிறுத்தி முதலில் 1 முதல் 2 மி.லி. சலைன் செலுத்துங்கள். சரியான தளம் என்றால் இரு தசைகளும் விலகி, நடுவில் கறுப்பாக ஒரு தோணி வடிவம் திறக்கும். தசைக்குள் என்றால் தசை மட்டும் பருத்து மங்கும். தோணி திறந்த பிறகே மருந்தைத் தொடங்கி, ஊசியை விலா ஓரத்தையொட்டி வெளிப்பக்கமாக நகர்த்தியபடி ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மி.லி. செலுத்த வேண்டும். இரண்டு போர்ட்டுகள் நடுக்கோட்டில் இருப்பதால் இருபக்கமும் செய்ய வேண்டும்.

2016இல் நெஞ்சுப் பகுதி நரம்பு வலிக்காக விவரிக்கப்பட்ட எரெக்டர் ஸ்பைனே பிளாக், முதுகில் செய்யப்படுவது. தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறத்தாழ டி7, அதாவது ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து எண்ணி டி7 அல்லது டி8 மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து சுமார் 3 செ.மீ. விலகிப் புரோபை நெடுக்காக வைக்க வேண்டும். முள்ளெலும்பின் குறுக்கு நீட்சி தட்டையாகவும் அகலமாகவும் தெரியும். விலா எலும்பு வளைந்து தெரிவதோடு, இரண்டு விலாக்களுக்கிடையே நுரையீரல் உறை பளிச்சென்று அசையும். அந்த அசைவு கண்ணில் பட்டால் புரோபை நடுப்பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். ஊசி எலும்பைத் தொட்டதும் செலுத்தும் மருந்து, தசையை எலும்பிலிருந்து ஒரே கோடாக மேலெழுப்ப வேண்டும்.

மருந்து முன்பக்கமாக ஊடுருவி நரம்பு வேர்களையும் தன்னியக்க நரம்புகளையும் எட்டக்கூடும், அதனால் உள்ளுறுப்பு வலியும் குறையலாம் என்பதே இந்த பிளாக்கின் மீதுள்ள நம்பிக்கை. ஆனால் சடலங்களில் சாயம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் இந்தப் பரவல் ஒரே மாதிரி அமையவில்லை. ஒருவருக்கு அருமையாகப் பலித்தது அடுத்தவருக்குப் பலிக்காமல் போவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். நடைமுறைச் சிக்கலும் உண்டு: நோயாளியை மயக்கத்துக்கு முன் உட்காரவைத்தோ, மயக்கத்துக்குப் பின் பக்கவாட்டில் திருப்பியோ செய்ய வேண்டும். உடல் பருமனானவரை மூச்சுக்குழாயுடன் திருப்ப நான்கு பேர் வேண்டும். ஆள் குறைவான அரங்கில் இதையும் கணக்கில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர்தசை உறை பிளாக் நடுக்கோட்டுப் போர்ட்டுகளுக்கு நல்லது. வலது ஓரத்துச் சிறு போர்ட்டுகளை அது விட்டுவிடும். குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக் ஆழமானது, பழகிய கை வேண்டும். முதுகெலும்பை ஒட்டிப் போடும் பாராவெர்டிப்ரல் பிளாக் வலுவானது என்றாலும், நுரையீரல் உறையில் துளை விழும் அபாயத்தை இந்தச் சிறிய அறுவைக்காக ஏற்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இனி மருந்தளவு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை கிலோவுக்கு 2 மி.கி. என்ற கணக்கில் 100 மி.கி. வரை கொடுக்கலாம். 0.25 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. இருப்பதால், பக்கத்துக்கு 20 மி.லி. வீதம் இரு பக்கமும் போட்டவுடன் அந்த 100 மி.கி. முழுவதும் தீர்ந்துவிட்டது. அறுவை முடிவில் அறுவை மருத்துவர் வழக்கப்படி 0.5 சதவீத மருந்தில் 10 மி.லி.யைப் போர்ட் துளைகளில் போட்டால் இன்னும் 50 மி.கி. சேர்கிறது. இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் நோயாளிக்குப் போன மருந்து வரம்பைப் போல் ஒன்றரை மடங்காகிவிட்டது. அதற்குப் பதில் ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை 0.2 சதவீதத்தில் பக்கத்துக்கு 20 மி.லி. கொடுத்தால் 80 மி.கி.; கிலோவுக்கு 3 மி.கி. என்ற வரம்பான 150 மி.கி.யில் அது பாதிக்குச் சற்று மேல். ஆனால் மருந்து வேறானாலும் நச்சுத்தன்மை கூடிக்கொண்டேதான் போகும். ஆகவே அறுவை மருத்துவருக்கு மிஞ்சியிருப்பது தம் மருந்தின் வரம்பில் பாதிக்கும் குறைவு. எனவே பிளாக்கில் போட்ட மருந்தையும் மில்லிகிராமையும் அரங்கின் பலகையில் எழுதுங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள்.

மயக்கத்தில் இருப்பவரிடம் நச்சு விளைவு வலிப்பாகத் தெரியாமல் இதயத்துடிப்புக் குழப்பமாகவோ இரத்த அழுத்த வீழ்ச்சியாகவோதான் முதலில் தெரியக்கூடும். அந்த நச்சு விளைவுக்குச் சிகிச்சையான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) அரங்கிலேயே இருக்க வேண்டும். முதல் அளவு கிலோவுக்கு 1.5 மி.லி. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிளாக் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலா ஓர டாப், எரெக்டர் ஸ்பைனே ஆகிய இரண்டில் எது மேல்? 2019இல் துருக்கியிலிருந்து வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், எரெக்டர் ஸ்பைனே பெற்றவர்களுக்கு விலா ஓர டாப் பெற்றவர்களைவிடக் டிராமடால் என்ற வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது, ஒப்பிடப்பட்ட இரு தரப்புக்கும் பாராசிட்டமாலும் வலி மருந்தும் முறையாகக் கொடுக்கப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாத இடத்தில் எந்த பிளாக்கும் பெரிதாகத் தெரியும். பிறகு வேறுபாட்டின் அளவைப் பாருங்கள். பத்துக்கு எண்ணும் வலி அளவில் அரைப் புள்ளி குறைந்தால் புள்ளியியல் அதைக் கண்டுபிடிக்கும், நோயாளி உணரமாட்டார். ஒரு புள்ளியாவது குறைய வேண்டும். என் மதிப்பீட்டில் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியது. உங்கள் கைக்குப் பழகியது, நோயாளியைத் திருப்ப ஆள் இருப்பது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தளம் ஆகியவை அந்தத் தூரத்தைவிடப் பெரியவை.

உங்கள் வார்டிலேயே ஒப்பிட விரும்பினால், ஓய்வில் இருக்கும்போதும் இருமச் சொல்லியும் வலி எண்ணைத் தனித்தனியே குறியுங்கள். முதல் மணி, ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி, மறுநாள் காலை என நேரம் வகுத்து, ஒவ்வொரு முறையும் இடத்தையும் கேட்டு எழுதுங்கள். தோள் வலியைத் தனிக் கட்டத்தில் எழுதாவிட்டால் நன்றாகப் பலித்த பிளாக்கும் தோற்றதாகவே பதிவாகும். பகலில் போட்ட பிளாக் பெரும்பாலும் இரவில் விலகும். ஆகவே அடுத்த வேளைப் பாராசிட்டமாலை நோயாளி கேட்கும்வரை காத்திராமல் நேரப்படி கொடுக்குமாறு இரவுப் பணிச் செவிலியரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.