நாய்க்குட்டி வருமுன் தரையைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்

குட்டி எடுக்கப் போகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, காசைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள் என்பதுதான். பஞ்சு மெத்தை, பந்து, மணி கட்டிய கழுத்துப்பட்டி எல்லாம் குட்டி வந்து ஒரு மாதம் கழித்தும் வாங்கலாம், வாங்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் குட்டி தரையில் ஓடத் தொடங்கிய பிறகு சுவர் வெடிப்பை அடைக்கவோ தரைக்கு பிளீச் ஊற்றவோ வசதிப்படாது. அதுவும் திருகோணமலை வெக்கையில், பழைய சுவரும் வளவும் உள்ள வீடு என்றால் வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

படி 1: வயதும் வைத்தியரும்

8 வாரம் முடியாத குட்டியை எடுக்காதீர்கள். "இப்பவே சோறு தின்னும்" என்று அதற்கு முந்திய குட்டியைக் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி பழகுகிறது. அதைத் தவறவிட்ட குட்டி உங்கள் குதிக்காலில் பழகும்.

குட்டியைத் தருபவரிடம் பூச்சி மருந்து கொடுத்த திகதியையும் இப்போது என்ன தின்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வட்டப்புழு தாயின் வயிற்றிலும் பாலிலும் இருந்தே வந்துவிடுவதால், பார்க்க எவ்வளவு கொழுகொழு என்றிருந்தாலும் பூச்சி இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு தடவை என்பது பொதுவான கணக்கு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள்.

ஊசி விஷயம்: பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்கள்), எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போடுவார்கள். முதல் ஊசியோடு ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம், திரும்பத் திரும்பப் போடுவது அதனால்தான். விசர்நாய்க்கடி ஊசி சாதாரணமாக 3 மாதமளவில், அப்புறம் வருடாவருடம். குட்டி வருமுன்னரே வைத்தியரைப் பேசி வையுங்கள். மாடு பார்க்க வெளியே போகிறவர்களும் இருப்பதால், போன் பண்ணாமல் ஓட்டோ பிடித்துப் போய் நிற்க வேண்டாம்.

படி 2: தரையும் சுவரும்

எங்களைப் பாடாய்ப் படுத்தியது இந்தக் கட்டம்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

திருகோணமலையில் நாய்க்கு உண்ணி பிடித்தால் முதலில் பழி விழுவது ரோட்டில் திரியும் புள்ளிமான்கள் மேல். கோட்டைப் பக்கம் மான் படுத்த புல்லில் உண்ணி இருக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் பெருகி நம்மைத் திண்டாட வைப்பது பழுப்பு நாய் உண்ணி. அதற்கு மானும் வேண்டாம், காடும் வேண்டாம், ஒரு நாயும் ஒரு வெடித்த சுவரும் போதும். இரத்தம் குடித்து பச்சைப் பட்டாணி அளவுக்கு ஊதிய பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வருவது நாயில் ஏறும், குடிக்கும், திரும்ப இறங்கிச் சுவருக்குப் போகும், தோல் கழற்றும், மறுபடி ஏறும். ஆக எந்த நேரத்திலும் நாயின் மேல் நீங்கள் காண்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில். இரத்தம் கிடைக்காமலே பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், முன்பு நாய் இருந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்களும் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. எல்லோரும் தரையைத் துடைத்துவிட்டுத் திருப்திப்படுவார்கள். டோர்ச் எடுத்துக்கொண்டு கதவு நிலையின் மேல்பக்கம், சுவரில் தொங்கும் கலண்டருக்குப் பின்னால், ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடம், கூரை மரம் சுவரில் உட்காரும் இடம் எல்லாம் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் நசுக்காதீர்கள். இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போடுங்கள்.

பிறகு கம்பித் தூரிகையால் வெடிப்பைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, காயவிட்டு, வெள்ளைச் சீமெந்தால் அடையுங்கள். ஸ்பிரே வாங்குவதென்றால் போத்தலில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று பாருங்கள், அது பூனைக்கு நஞ்சு, வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். குட்டியின் உடம்புக்குப் போடும் மருந்திலும் வயது, எடை பார்க்க வேண்டும். கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் 8 வாரமும் 2 கிலோவும் தாண்டியவைக்குத்தான். பெரிய நாய்களைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் குட்டிக்கு ஆகாது. மண்ணெண்ணெய், கழிவு ஒயில் தேய்க்கச் சொல்லும் பெரியவர்களுக்குத் தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இத்தனையும் ஏன் என்றால், உண்ணிக் காய்ச்சல் ஒரு சின்னக் குட்டியைச் சாய்த்துவிடும். ஈறு வெளிறிப்போவது, சிறுநீர் கறுத்துப் போவது, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.

தரைக்கு வருவோம். முன்பு பார்வோவில் ஒரு நாய் இறந்த வளவு என்றால், அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். டெட்டோல் வகைகளை இதற்கு நம்பக்கூடாது. முதலில் சவுக்காரம் போட்டு அழுக்குப் போகத் தேயுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீண். அப்புறம் வீட்டுப் பாவனைக்கான திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, நிறையத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கக்கூசு கழுவும் அசிட் எதனோடும் பிளீச்சைச் சேர்க்காதீர்கள், வரும் புகை ஆளையே விழுத்திவிடும். மண் தரைக்கு பிளீச் சரிவராது. ஊசிகள் முடியும்வரை குட்டியைச் சீமெந்துத் தரையில் வைத்திருப்பதுதான் வழி.

படி 3: வளவு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படலைக்கு அடியில் உங்கள் கை முஷ்டி நுழைந்தால் குட்டியும் நுழையும், பலகை அடியுங்கள். கிணற்றுக் கட்டு பதிவாக இருந்தால் மூடி போடுங்கள். அலரி முழுக்க நஞ்சு, விழுந்த இலையையும் பூவையும் தினமும் கூட்டி அள்ளுங்கள். எலி மருந்து, நுளம்புத்திரி, தொங்கும் வயர், இவற்றை எல்லாம் தரையில் உட்கார்ந்து குட்டியின் உயரத்தில் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 4: இனி சாமான்

கடைகளில் விற்கும் ஸ்பொஞ்சு மெத்தை எனக்குப் பிடிக்காது. உண்ணி ஒளிய அதைவிட நல்ல இடம் இல்லை, குட்டி மூத்திரம் பெய்தால் காயவும் மாட்டாது. பழைய துவாய் அல்லது சாரம் நாலைந்து எடுத்து வையுங்கள், சுடுநீரில் தோய்த்து வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். தண்ணீருக்குப் பாரமான மண்சட்டி, இலேசான பிளாஸ்டிக் கோப்பையை அது அரைமணியில் கவிழ்த்துவிடும். சோற்றுக்கு எவர்சில்வர். எறும்பு வந்தால் கோப்பையை ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதற்குள் வையுங்கள்.

கழுத்துப்பட்டி இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்கு, கிழமைக்கு ஒருதரம் இளக்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி வாங்கவே வாங்காதீர்கள், துணி வார் போதும். பழைய பேப்பர் அக்கம்பக்கத்தில் சேருங்கள், எவ்வளவு சேர்த்தாலும் போதாது.

படி 5: சாப்பாடு

வந்த முதல் கிழமை அது அங்கே என்ன தின்றதோ அதையே, நாளுக்கு நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். பசும்பாலும் பால்மாவும் பல குட்டிகளுக்கு வயிற்றாலே போகவைக்கும். மீன் நமக்குத் தாராளம், அவித்து முள் எடுத்துச் சோற்றில் பிசையலாம், ஆனால் சோறும் மீன் சதையும் மட்டும் வளரும் எலும்புக்குக் காணாது, குட்டிகளுக்கான உலர்தீனியும் சேர வேண்டும். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு ஆகாது. சொக்லேட், கேக்கில் போடும் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) இரண்டும் ஆபத்து. காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் இன்னொன்று. கரைவலை இழுத்து முடிந்ததும் வேண்டாத மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள், அதில் பேத்தை என்ற, உடம்பை ஊதும் நச்சு மீனும் கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் அவித்தாலும் போகாது. வளர்ந்த பிறகும் கடற்கரையில் வாரை விட்டுவிடாதீர்கள்.

படி 6: முதல் இரவு

தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள், அந்த மணம் நீங்கள் வாங்கும் எந்தப் பொம்மையையும் விட உதவும். பெட்டியை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். விறாந்தையில் தனியே விட்டால் விடியும்வரை கத்தும், பக்கத்து வீட்டுக்காரரும் எழும்புவார். இரவில் ஒன்றிரண்டு தடவை எழும்பிப் பேப்பருக்குத் தூக்கிப் போகவேண்டி வரும், அதற்குத் தயார் இல்லையென்றால் லீவு கிடைக்கும் மாதம் பார்த்துக் குட்டி எடுங்கள்.

பிற்சேர்க்கை: வாடகை வீடு, சீமெந்து பூச விடமாட்டார்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெடிப்புகளுக்குள் கொதிநீர் ஊற்றுவதைக் கிழமைக்கு ஒருதரம் செய்யுங்கள், குட்டியின் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். முழுத் தீர்வில்லை, ஆனால் வித்தியாசம் தெரியும்.

மாரியில் எடுத்தவர்கள் ஈரத் தரை பற்றிக் கேட்டார்கள். பலகைத் தட்டு ஒன்றின் மேல் துவாயை விரியுங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

ரோட்டில் கிடந்த குட்டியை எடுத்தால் என்ன செய்வது என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. எடுங்கள், நல்ல காரியம். ஆனால் குட்டிக்கும் விசர்நாய்க்கடி இருக்கலாம். பல்லோ நகமோ தோலைக் கிழித்தால், சின்னக் கீறல்தானே என்று விடாமல் சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். குட்டியை வைத்தியரிடம் காட்டுவது அதற்குப் பிறகு.