பழனி மலை அடிவாரத்தில் சைக்கிள்: ஊருக்கு வருபவர்களுக்குச் சில வழிகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் நம்மவர்களில் பலர் பழனி மலையை ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். வாடகைக் கார் பிடித்துக் கொடைக்கானல் ஏறி, ஏரியை ஒரு சுற்று சுற்றி, மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். அடிவாரத்தைக் கார் கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பார்த்ததோடு சரி. அந்த அடிவாரத்தில்தான் ஆறுகள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஆற்றின் வாயிலும் ஓர் அணை, அணைக்குக் கீழே வாய்க்கால், வாய்க்காலை ஒட்டித் தென்னந்தோப்பும் நெல் வயலும், அவற்றுக்கு நடுவே ஓர் ஊர்ச்சாலை. அந்தச் சாலைகளுக்கு ஏற்ற வண்டி சைக்கிள்தான்.

நான் பெரியகுளத்தில் வளர்ந்தவன், இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். அங்கே ரைன் ஆற்றோரம் சைக்கிளுக்கென்றே பாதை உண்டு. அதை நினைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். இங்கே ஆற்றோரச் சாலை என்றால் டவுன் பஸ்ஸும் டிராக்டரும் ஆட்டு மந்தையும் போகும் ஒற்றைச் சாலை. ஆறு சில இடங்களில் பக்கத்தில் வரும், சில இடங்களில் தோப்புக்குள் மறைந்துவிடும். ஆனால் ஒரு காலையில் இரண்டு மூன்று ஆறுகளைத் தாண்டலாம், தலை நிமிர்ந்தால் எப்போதும் மலை இருக்கும்.

முதலில் தண்ணீரின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் வழி தானாகப் புரியும். மலையின் வடக்கே பழனிப் பக்கம் இறங்கும் தண்ணீர் சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, காவிரிக்குப் போகிறது. தெற்கே இறங்கும் மருதாநதி, மஞ்சளாறு, வராகநதி மூன்றும் வைகைக்குப் போகின்றன. கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் இறங்கும் குடகனாறு மறுபடி வடக்கே திரும்பி அமராவதிக்குப் போய்விடுகிறது. ஆத்தூரிலிருந்து அய்யம்பாளையத்துக்கு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் காவிரி நாட்டிலிருந்து வைகை நாட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். நடுவில் பெரிய மேடு எதுவும் கிடையாது. எந்த இடத்தில் தண்ணீர் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே போவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்த வழியையே முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் செம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து ஆத்தூர், சித்தையன்கோட்டை, சித்தரேவு, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு. மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் சமதளம். ஆத்தூருக்கு மேற்கே மலையடியில் காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது. திண்டுக்கல் நகரம் பல காலமாகக் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நீர்ப்பரப்பு அது, காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சித்தையன்கோட்டை நெல்லுக்குப் பேர்போன ஊர். அறுவடை நாட்களில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சக்கரத்தில் வைக்கோல் சுற்றிக்கொள்வது ஒருபுறம், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

அய்யம்பாளையத்தில் மருதாநதி அணை. தென்னை நிழலில் சாலை குளிர்ந்து கிடக்கும், இளநீர் விலையும் நகரத்தைவிடக் குறைவு. பட்டிவீரன்பட்டி நுழையும்போது காற்றில் காப்பி வாசனை வரலாம். மேலே தாண்டிக்குடி, பெரும்பாறைத் தோட்டங்களில் விளையும் காப்பிக்கொட்டையைப் பக்குவப்படுத்தி விற்பது இந்த ஊரின் பழைய தொழில். வத்தலக்குண்டு சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்த ஊர். பேருந்து நிலையத்தைச் சுற்றி நெரிசல் அதிகம், அங்கே இறங்கி நடப்பதே நல்லது.

இரண்டாம் நாள் வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு, தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம், முப்பது கிலோமீட்டருக்குள். ஒரு எச்சரிக்கை: இது குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை, அதாவது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, சபரிமலை வண்டிகள் இரவு பகலாக ஓடும். விடிய விடிய வண்டி ஓட்டி வருகிறவர்கள் அசந்துபோகும் நேரமும் நீங்கள் கிளம்பும் விடியற்காலையும் ஒன்றுதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருபவர்கள் இந்தத் துண்டைச் சைக்கிளில் போக வேண்டாம். சைக்கிளை ஒரு மினி ஆட்டோவில் ஏற்றித் தேவதானப்பட்டியில் இறங்கிக்கொள்ளுங்கள்.

தேவதானப்பட்டியிலிருந்து மலையை நோக்கித் திரும்பினால் மஞ்சளாற்றுக் கரையில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில், அதற்கு மேலே மஞ்சளாறு அணை. அணையின் உயரம் 57 அடிதான், ஆனால் பின்னணி பெரிது. மலைச்சுவரில் வெள்ளைக் கோடு போல ஓர் அருவி விழுவது தெரியும். அதுதான் தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 297 மீட்டர். கொடைக்கானல் சாலையில் போகிறவர்கள் எட்ட நின்று படம் எடுக்கும் அதே அருவியின் தண்ணீர் இங்கே உங்கள் காலடியில் வந்து நிற்கிறது.

பெரியகுளத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள் என்பேன். சொந்த ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கிருந்து மூன்று பக்கமும் குறுகிய, நல்ல சாலைகள் பிரிகின்றன. கும்பக்கரை அருவிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர், மாந்தோப்புகளுக்கு நடுவே லேசான ஏற்றம். மேலே மழை பெய்தால் வனத்துறை அருவியை மூடிவிடும், அதனால் கிளம்பும் முன் டீக்கடையில் கேட்டுவிடுங்கள். இன்னொரு பக்கம் சோத்துப்பாறை அணை, 126 அடி உயரம், கடைசிப் பகுதியில் ஏற்றம் கொஞ்சம் கடுமை. ஆற்றோரச் சவாரி என்று உண்மையாகவே சொல்லத் தகுந்தது மூன்றாவது வழி. வராகநதியை ஒட்டி மேல்மங்கலம், ஜெயமங்கலம் வழியாக வைகை அணைக்கு. போக மட்டும் இருபது கிலோமீட்டர் அளவில் வரும். வழி முழுக்க நெல், வாழை, கரும்பு, நாரைக் கூட்டம். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது, 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். மாலையில் பூங்காவுக்குக் கூட்டம் வரும், காலையில் அணை உங்களுக்குத்தான்.

கிளம்பும் முன் பெரியகுளம் பாலசுப்பிரமணியர் கோயில் படித்துறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வராகநதியின் இரு கரையிலும் எதிரெதிராக ஆண் மருத மரமும் பெண் மருத மரமும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஆற்றில் குளித்தால் காசியில் குளித்த புண்ணியம் என்று என் அப்பத்தா சொல்வார். இன்று ஆற்றில் நகரத்துக் கழிவும் சேர்கிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. குளிக்க வேண்டுமென்றால் மேலே கும்பக்கரையில் குளியுங்கள்.

அப்புறம் வடக்குப் பக்கம். பழனியில் தங்கி, பாலசமுத்திரம் வழியாகப் பாலாறு பொருந்தலாறு அணை, மேற்கே குதிரையாறு அணை, கிழக்கே வரதமாநதி அணை என்று பார்க்கலாம். ஆயக்குடியில் கொய்யாச் சந்தை, விருப்பாட்சியில் மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் இந்த விருப்பாட்சிப் பழம்தான், அதற்கும் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. வேலுநாச்சியார் அடைக்கலமாகத் தங்கியதும் விருப்பாட்சிப் பாளையத்தில்தான். இந்தப் பக்கத்தில் காற்றுதான் எல்லாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நம் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையின்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆளைத் தள்ளும். எதிர்க்காற்றில் பத்து கிலோமீட்டர் மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமம். எனவே வண்டியில் குதிரையாறு வரை போய், அங்கிருந்து கிழக்கே பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி, ஒட்டன்சத்திரம் என்று வாருங்கள். காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரம் இந்தச் சாலை முழுவதும் பாதயாத்திரைக்காரர்கள் நடப்பார்கள். அப்போது சைக்கிள் வேண்டாம், அவர்களோடு நடங்கள்.

ஏறியே ஆகவேண்டும் என்பவர்களுக்குத் தாண்டிக்குடியைச் சொல்வேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் சாலையில் சுற்றுலா வேன்களும் பஸ்ஸும் வளைவுக்கு வளைவு முந்துகின்றன, சைக்கிளுக்கு அங்கே நிம்மதியில்லை. சித்தரேவுப் பக்கத்திலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி ஏறும் சாலையில் வண்டி குறைவு. தாண்டிக்குடி சுமார் 1300 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் ஏறவேண்டும். பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம். காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, நடுவே பெரும்பாறைக்குப் பக்கத்தில் புல்லாவெளி அருவி. அந்தத் தண்ணீர்தான் முதல் நாள் நீங்கள் பார்த்த ஆத்தூர் அணைக்கு இறங்குகிறது. அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. எட்ட நின்றே பாருங்கள்.

இந்த மலையிலும் அடிவாரத் தோப்புகளிலும் யானை இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காட்டை ஒட்டிய சாலையில் நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள், மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். டீக்கடையில் “அண்ணே, இன்னைக்கு யானை நடமாட்டம் இருக்கா?” என்று கேட்டால் நேற்று எந்தத் தோப்பில் வாழையைச் சாய்த்தது என்பது வரை சொல்வார்கள். வேண்டாம் என்று ஊர்க்காரர் சொன்னால் திரும்பிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். சைக்கிள் மணி போதாது, குரல் கொடுங்கள்.

எந்த மாதம் என்றால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து அணைகளில் தண்ணீர் இருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே என்றால் மாம்பழம் உண்டு, ஆனால் காலை ஒன்பது மணிக்குள் சவாரியை முடித்துவிட வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெயில் ஏறுவது உடனே தெரியாது. தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்லுங்கள். மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள்.

சைக்கிளைக் கொண்டுவருவதா, இங்கே வாங்குவதா? ஒரு வாரத்துக்குமேல் ஓட்டுவதாக இருந்தால் சொந்த வண்டியைக் கொண்டுவாருங்கள். சிங்கப்பூர், கொழும்பு, துபாயிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு. ரயிலில் வந்தால் கொடைக்கானல் ரோடு நிலையம் இந்தப் பக்கத்துக்கு வசதி. பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கிருந்து கொடைக்கானல் எண்பது கிலோமீட்டர். வத்தலக்குண்டு நிலக்கோட்டை வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான். மெல்லிய ரேஸ் டயர் இங்கே உதவாது, 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். கோடு போடாத வேகத்தடைகள் நிழலில் கண்ணுக்கே தெரியாது. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விடாது.

எனக்கு ஜெயமங்கலத்தில் ஒருமுறை டயர் போனது. பஞ்சர் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார், ஆனால் என் ட்யூபில் இருந்தது மெல்லிய பிரெஸ்டா வால்வு, அவருடைய காற்றடிக்கும் குழாய் அதில் பொருந்தவில்லை. பக்கத்து ஊரில் தேடி ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் சைக்கிளோடு பஸ்ஸில் ஏறினேன். விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் போதும். இரண்டு வாங்கி வையுங்கள். கூடவே இரண்டு ட்யூப், சங்கிலி இணைப்பு ஒன்று, சொந்தமாக ஒரு கைப்பம்பு.

கனடா, ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் முதல் நாள் இடதுபக்கம் போவதை வீட்டுத் தெருவில் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு எண்ணில் போன்வழிப் பணம் எல்லா இடத்திலும் நடக்காது. அவசரத்துக்கு 108. பெரியகுளத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கொடைக்கானலுக்கும் போவதாக இருந்தால், உங்களை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, சைக்கிள் பாட்டில் எப்படியும் உங்களிடம் இருக்கும்.

திரும்பும்போது, முக்கியமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள், டயர், பெடல், காலணி அடிப்பாகம் எல்லாவற்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டுப் பெட்டியில் கட்டுங்கள். மண் ஒட்டியிருந்தால் அங்கே விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். இதற்கு ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள், கடைசி நாள் இரவில் சொந்தக்காரர்கள் வீட்டில் சாப்பாடு இருக்கும்.