ஒரு பாஸ்கெட்பால் கார்டின் கல்லூரி ஆட்டத்தை எண்களில் படிப்பது எப்படி?

நான் பாஸ்கெட்பால் ஆடியதை விட, கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதியதுதான் அதிகம். யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் எண்களைத்தான் தேடுவேன். அதில் பல தடவை ஏமாந்தும் இருக்கிறேன். பழகிப் பார்க்க நல்ல உதாரணம் வேண்டுமென்றால், அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டேவிட்சன் கல்லூரிக்காக ஸ்டெஃபன் கர்ரி என்ற கார்டு (கூடைக்குத் தள்ளி நின்று பந்தைக் கொண்டுவந்து, எறிகிற ஆட்டக்காரர்) ஆடிய மூன்று சீசன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 முதல் 2009 வரை.

ஒரு தாளில் சீசன் வாரியாகச் சராசரிப் புள்ளிகளை எழுதுங்கள்: 21.5, 25.9, 28.6. மூன்றாவது சீசனில் நாட்டிலேயே அவருக்குத்தான் அதிகச் சராசரி. பலரும் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள். பக்கத்திலேயே த்ரீ பாயிண்ட் சதவீதத்தையும் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்ததில் நூற்றுக்கு எத்தனை உள்ளே விழுந்தது என்பது) எழுதுங்கள்: 40.8, 43.9, அப்புறம் 38.7. புள்ளி ஏறும்போது குறி ஏன் சறுக்கியது?

ஒரு காரணம் கோட்டிலேயே இருக்கிறது. 2008-09 சீசனில்தான் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் த்ரீ பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலத்திலிருந்து 20 அடி 9 அங்குலத்துக்குத் தள்ளிப் போனது. இன்னொரு காரணத்துக்கு, ஒவ்வொரு சீசனுக்கும் எதிரே 'இவருக்குப் பந்து கொடுத்தது யார்?' என்று ஒரு கட்டம் போடுங்கள். முந்தைய சீசனில் அங்கே ஜேசன் ரிச்சர்ட்ஸ் பெயர் வரும். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (கூடை விழ வழிவகுத்த பாஸ்) சராசரி வைத்திருந்த பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர், அவர். கர்ரி ஸ்கிரீன்களை (எதிராளியை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரர்களை) சுற்றி ஓடி வந்து பந்தை வாங்கி எறிந்தால் போதும். ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துப் போனதும் பந்தைக் கொண்டுவருகிற வேலையும் கர்ரி தலையில் விழுந்தது. அசிஸ்ட் 2.9-லிருந்து 5.6-க்கு ஏறியது. இதைப் பார்த்த பிறகும் 38.7-ஐச் சரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிரணி யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டேவிட்சன் அப்போது இருந்தது சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கில், பெரிய அணிகள் இல்லாத இடம். அதனால் ஓக்லஹோமாவுக்கு எதிராக எடுத்த 44 போன்ற ஆட்டங்களுக்கு நான் தனி நிறப் பேனா வைத்திருக்கிறேன்.

மோசமான ஆட்டங்களைக் கழித்துவிடாதீர்கள். கர்ரியின் முதல் கல்லூரி ஆட்டத்தில் 13 டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது. பதின்மூன்று! கோச் பாப் மெக்கிலோப் அடுத்த ஆட்டத்திலும் அவரை இறக்கினார். மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி.

எனக்குப் பிடித்த பாடம் 2008 நவம்பர் 25 ஆட்டம். எதிரணி மேரிலாண்டின் லயோலா. கர்ரி எடுத்த புள்ளி பூஜ்யம். ஸ்கோர்ஷீட் எழுதுகிறவனுக்கு அந்த வரி வெறும் காலியிடம். லயோலா கோச் இரண்டு பேரை கர்ரிமேலேயே ஒட்டிவிட்டிருந்தார். கர்ரி பந்துக்காக முட்டி மோதவில்லை; இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். மிச்சக் கோர்ட்டில் நாலு பேருக்கு எதிராக மூன்று பேர்தான். டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது. ஓர் ஆட்டக்காரரின் வரி காலியாக இருந்தால், முதலில் அணியின் ஸ்கோரைப் பாருங்கள்.

கடைசியாக 2008 மார்ச். என்சிஏஏ போட்டியில் (கல்லூரி அணிகளின் தேசிய நாக்அவுட் போட்டி) பத்தாம் தரவரிசையில் நுழைந்த டேவிட்சனுக்காக நான்கு ஆட்டங்களில் கர்ரி எடுத்த புள்ளிகள் 40, 30, 33, 25. இவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துப் படியுங்கள். ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 17 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து அணி மீண்டது; கர்ரியின் 30-இல் 25 இரண்டாம் பாதியில் வந்தவை. கான்சஸுடனான ஆட்டத்துக்கு எண் போதாது, வீடியோ வேண்டும். 59-57, டேவிட்சன் இரண்டு புள்ளி பின்னால், கடைசிப் பந்து கர்ரி கையில். அங்கே நிறுத்தி, அவரை எத்தனை பேர் சூழ்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் ஓடவிடுங்கள். பந்து ரிச்சர்ட்ஸிடம் போகிறது, அவர் எறிந்த த்ரீ உள்ளே விழவில்லை. நானாக இருந்தாலும் அந்தப் பாஸைத்தான் கொடுத்திருப்பேன். ஸ்கோர்ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. நான் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.