சொல்லத் தெரியாதவரை எப்படிக் காப்பது?

அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ஐம்பது, அறுபது வயதாகும்போது பெரும்பாலும் அம்மா அப்பா இருப்பதில்லை. அண்ணன் வீட்டிலோ காப்பகத்திலோ இருப்பார். அங்கே அடி விழுந்தாலும் பட்டினி கிடந்தாலும் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, நடத்தைதான் மாறும். குளிக்க மறுப்பார், ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குவார். "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை ஒரே எடை மெஷினில் நிறுத்துக் குறித்து வையுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் காரணம் தேட வேண்டும். சோறு போடாதது மட்டுமல்ல, பல்வலியும் தைராய்டும்கூட எடையைக் குறைக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதிநோய் நாற்பதுகளிலேயே வரலாம். டாக்டரிடம் காட்டுங்கள், அதற்காகக் கொடுமை நடக்கிறதா என்று விசாரிப்பதை நிறுத்தாதீர்கள்.

குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். முழங்காலில் சிராய்ப்பு என்றால் தடுக்கி விழுந்திருக்கலாம். காது, கழுத்து, தொடையின் உட்புறம் கன்றியிருந்தால் அப்படி எளிதில் ஒதுக்க முடியாது. படுக்கையில் கிடப்பவருக்கு வால் எலும்பும் குதிகாலும் முக்கியம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள்; வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"அவர் அடிச்சாரா?" என்று கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் "ஆமா" என்பவர்கள் நிறையப் பேர். தனியே உட்கார வைத்து, காயத்தைக் காட்டி, "இங்க என்ன ஆச்சு?" என்று கேட்டுக் காத்திருங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் மாறும், பிறகு அவர் பேச்சே எடுபடாது. பாலியல் கொடுமை என்று சந்தேகித்தால் குளிப்பாட்ட வேண்டாம். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 7-இன்படி, கொடுமை நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலே யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். கோட்டாட்சியருக்கு அந்த அதிகாரம் உண்டு. மீட்கவும், பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் அவர் உத்தரவிடலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 112. அறுபது கடந்தவருக்கு முதியோர் உதவி எண் 14567-இலும் உதவி கேட்கலாம்.

பணத்தையும் கவனியுங்கள். உதவித்தொகை வரும் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? மாதாமாதம் பாஸ்புக்கில் பதிவு போடுங்கள். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் நியமிக்கப்பட்ட காப்பாளர் (கார்டியன்) ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கக் கோரி உறவினர், காப்பாளரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.